இருபத்தாறு நொடி

அரை நிமிடத்துக்கு மேல் போனால் யாரும் எந்த வீடியோவையும் கடைசிவரை பார்ப்பதில்லை, மேடம். நீங்களும் பார்க்க மாட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை, அவரவருக்கு ஆயிரம் வேலை. இருபது நொடி தாண்டியதும் கட்டைவிரல் தானாகவே மேலே தள்ளப் பார்க்கும். இதைத் தெரிந்துகொண்டால் கைப்பேசியில் வீடியோ வெட்டுவதில் பாதி தெரிந்த மாதிரி.

மீதிப் பாதி விரல் வேலை. படத்தைத் திறந்தால் கீழே ஒரு பட்டை வரும், இரண்டு முனையிலும் ஒவ்வொரு பிடி. இடது பிடியை உள்ளே தள்ளினால் தொடக்கம் போகும். வலது பிடியைத் தள்ளினால் முடிவு போகும். நடுவில் வேண்டாதது இருந்தால் அதை மட்டும் துண்டாக்கி எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டவைக்கலாம். ஒட்டின இடம் தெரியக்கூடாது. அதற்கு ஆள் கண் இமைக்கிற இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும். இமை மூடித் திறப்பதற்குள் அடுத்த துண்டு தொடங்கிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு எதுவும் உறுத்தாது. அக்கா நிறைய இமைப்பாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன். எங்கே ஆரம்பிப்பது என்று பார்த்தேன்.

இருபத்திரண்டு வருஷம் நான் ஒரு கல்யாண வீடியோ கடையில் வெட்டுகிற வேலை பார்த்தேன். ஆறு மணி நேரப் படம் வரும். இரண்டு மணி நேரமாக்கிக் கொடுக்க வேண்டும். "வீட்டுக்காரங்க பார்க்க விரும்பாததை அவங்க கண்ணுல காட்டாதே, அவ்வளவுதான் தொழில்" என்பார் முதலாளி. பெண்ணின் அப்பா ஒரு மூலையில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டை தெரியக் கொட்டாவி விடுவார். சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரு நாற்காலிக்காக முறைத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். ஒருத்தராவது திரும்பி வந்து "எங்க சண்டையைக் காணோமே" என்று கேட்டதில்லை. கடையில் எனக்குக் கத்திரி என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அக்கா கத்திரி என்பாள், அவள் பிள்ளைகள் கத்திரிச் சித்தி என்பார்கள்.

இன்னொன்றும் அந்தக் கடையில்தான் படிந்தது. மூலப் படத்தை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்கக் கூடாது. வெட்டியதை நகலாகத்தான் சேமிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தால்தான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அழித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. வேலை தெரிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

கடை மூடினபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் காலம் போய்விட்டது. ஊராரின் கல்யாணத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தன்னுடையது ஞாபகம் வரவில்லை என்று அக்கா கேலி செய்வாள். ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். அக்காவுக்குப் பக்கவாதம் வந்த அன்று கூப்பிட்டார்கள். போனேன். அப்படியே தங்கிவிட்டேன்.

அவளுக்கு வலது கையும் வலது காலும் போயின. பேச்சு திணறியது. நாம் சொல்வது அத்தனையும் புரியும், பதில்தான் வராது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் தெருவில் ஒரு பஸ் போய்விடும். அக்காவின் பிள்ளைகள், பெரியவனும் அவன் தங்கையும், வேலை பார்க்கிற நாடுகளிலிருந்து ஓடி வந்தார்கள். இருபது நாள் இருந்தார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, நீங்க இருக்கீங்கன்ற ஒரே தைரியத்துலதான் போறோம். உங்களை விட்டா எங்களுக்கு யாரு?"

என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை, மேடம்.

அந்தப் பெண்ணின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, டாக்டர். நல்ல மாதிரி. பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். "தினம் காலையில ஒரு சின்ன வீடியோ எடுத்து குடும்ப குரூப்ல போடுங்க சித்தி. அத்தையைச் சிரிக்கச் சொல்லுங்க. நல்லா இருக்கிற கையைத் தூக்கச் சொல்லுங்க. ஏதாவது ஒரு வரி பேசச் சொல்லுங்க. இது மூணும் சரியா இருந்தா பயமில்ல. வாய் ஒரு பக்கமா கோணினாலோ, கை தானா விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது வேற விஷயம். நீங்க கண்டுபிடிக்க வேண்டாம், நான் பார்த்துக்கறேன். எடுத்து அனுப்பினா மட்டும் போதும்."

எடுத்து அனுப்பினால் மட்டும் போதும் என்றார். அனுப்பினேன். எட்டு மாதத்தில் ஒரு நாள் தவறவில்லை. எண்ணிப் பார்த்திருப்பீர்கள்.

காலை பத்து மணிக்கு ஜன்னல் வெளிச்சம் அவள் கட்டிலில் விழும். முகம் பளிச்சென்று இருக்கும். ஆனால் பத்து மணி என்பது எனக்கு ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். படுக்கை விரிப்பை உருவ வேண்டும், அலச வேண்டும், உடம்பைத் துடைத்து முதுகுக்குப் பவுடர் போட வேண்டும். இரண்டு வாய் ஊட்டினால் ஒரு வாய் வெளியே வரும். எனக்கும் இடுப்பு போய்விட்டது. எட்டு மாதத்தில் நான் என் தலையை முழுதாகச் சீவிக்கொண்ட நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை எந்த வீடியோவிலும் காட்டியதில்லை. காட்டச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

முதலில் வெட்டியது ஓர் இருமல். சிரித்து முடித்ததும் புரையேறி எச்சில் வழிந்தது. ஒரு பிள்ளை அதை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? வலது பிடியை நாலு நொடி உள்ளே தள்ளினேன். குரூப்பில் மளமளவென்று இதயங்கள் வந்து விழுந்தன. "அம்மா முகம் தெளிஞ்சிருக்கே, சித்தி கைராசி" என்று பெரியவன் போட்டிருந்தான். அன்றைக்கு எனக்கு இடுப்பு வலிக்கவில்லை.

அடுத்தது இடைவெளிகள். "நா... நல்லா... இருக்... கேன்" என்று சொல்லி முடிக்க அவளுக்கு நாற்பது நொடி ஆகும். நடுவில் இமைக்கிற இடமாகப் பார்த்து எடுத்துவிட்டால் ஐந்து நொடி. நான் எதையும் சேர்க்கவில்லை. அவள் சொன்ன சொற்கள்தான். காத்திருப்பதை மட்டும் எடுத்தேன். ஒரு மாதம் போனதும் அந்தப் பெண் எழுதினாள்: "அம்மா பேச்சு எவ்வளவு தேறிடுச்சு. பேச்சுப் பயிற்சிக்கு வர்ற அம்மாவை இனிமே நிறுத்திக்கலாமா சித்தி?"

பயிற்சி கொடுக்கிற அந்த அம்மாள் வந்தால் நான் அறையைப் பெருக்க வேண்டும், அக்காவுக்கு நல்ல உடை மாற்ற வேண்டும், ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று தட்டைப் பிடிக்க வேண்டும். "உங்க இஷ்டம்மா" என்று பதில் போட்டேன். நிறுத்தியது அவர்கள்தான். நான் இல்லை.

நேரில் முகம் பார்த்துப் பேசுகிற வீடியோ கால் என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். பிள்ளைகள் கிளம்பிப் போன பிறகு பரிசோதனைக்குக் கூட்டிப் போனபோது, இரண்டு வாரம் நோயாளி உணர்ச்சிவசப்படக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு நான் அதைச் சொன்னபோது இரண்டு வாரம் என்பதை விட்டுவிட்டேன். உணர்ச்சிவசப்படக் கூடாது என்பது எப்போதுமே நல்லதுதானே.

இனிமேல்தான் நீங்கள் கோபப்பட்ட இடம்.

மூன்றாவது மாதம் அக்கா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். சிரிப்பாள், கையைத் தூக்குவாள், நல்லா இருக்கேன் என்பாள். நான் நிறுத்தப் போகும்போது கையைக் காட்டித் தடுத்துவிட்டு, கைப்பேசியைப் பார்த்து, "பெரிய... வனே... என்னை... கூட்டிட்டு... போ" என்பாள். இது தினமும் நடக்கும். எனக்கு முன்னாலேயேதான் சொல்வாள். மறைத்துச் சொல்ல அவளால் முடியாது, என் கையில்தானே எல்லாம் இருந்தது.

அந்த வயதில், அந்த உடம்போடு, அத்தனை தூரம் எப்படிப் போவாள்? போகிற இடத்தில் அவள் பேச்சுக்காக யார் காத்துக்கொண்டு நிற்பார்கள்? மருமகள் நல்ல பெண்தான், ஆனால் அவளும் வேலைக்குப் போகிறவள். இதையெல்லாம் நான் யோசித்தேன். அக்கா யோசிக்கவில்லை. கடைசித் துண்டை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் கேட்பாள். "பார்த்... தானா?"

"பார்த்தான்க்கா."

"என்ன... சொன்... னான்?"

"லீவு இல்லையாம். பார்க்கலாம்னான்."

"சரி" என்பாள். அந்தச் சொல் மட்டும் அவளுக்குத் திணறாமல் வரும். சின்ன வயதிலிருந்தே எதற்கும் அடம் பிடிக்காதவள். மறுபடி மறுநாள் சொல்வாள். அதை நான் மறுபடி வெட்டுவேன். ஒரு தடவை சிரித்துக்கொண்டே கேட்டாள். "கத்திரி... இதையும்... வெட்டிட... மாட்டியே?"

"போக்கா, உனக்கு வேற வேலையில்ல" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த மூலப் படமும் இருக்கிறது. தொண்ணூற்று எட்டாவதோ ஒன்பதாவதோ.

ஐந்தாவது மாதம் பெரியவனே ஒரு வீடியோ அனுப்பினான். அம்மாவுக்குக் காட்டச் சொல்லி. "அம்மா, எப்படி இருக்கே? உன்னைப் பார்க்காம என்னமோ மாதிரி இருக்கும்மா. கீழ் ரூமை உனக்காகத் தயார் பண்ணிட்டோம். படியே கிடையாது. ஆஸ்பத்திரி அஞ்சு நிமிஷம். நீ வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நானே வந்து கூட்டிட்டு வரேன்."

முழுதாக ஐம்பது நொடி. சமையலறையில் நின்று மூன்று தடவை பார்த்தேன். வலது பிடியைத் தள்ளி, "என்னமோ மாதிரி இருக்கும்மா" என்பதோடு நிறுத்தினேன். அதை அக்காவுக்குக் காட்டினேன். அவள் திரையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "வேற... ஒண்ணும்... சொல்... லலையா?" என்றாள். "அவனும் என்னக்கா பண்ணுவான், வேலை அப்படி" என்றேன்.

பிள்ளைக்கு ஒரு பதில் போக வேண்டுமே. மாத்திரை கொடுக்கும்போது எடுத்த படம் ஒன்றில் "வேண்டாம்" என்று தலையாட்டியிருந்தாள். தண்ணீர் டம்ளரை எங்கே வைக்க என்று கேட்ட நாளில் "இங்கேயே" என்று கட்டிலோரம் காட்டியிருந்தாள். இரண்டையும் இமையில் வைத்து ஒட்டினேன். வேண்டாம், இங்கேயே. பின்னால் அவளுடைய ஒரு சிரிப்பு. பதினோரு நொடி.

ஒன்றும் சேர்க்கவில்லை என்று சற்றுமுன் சொன்னேன். அது சரியில்லைதான். அந்த ஒரு தடவை சேர்த்தேன். ஆனால் அக்காவின் வாயிலிருந்து வராத சொல் அதில் ஒன்றுகூட இல்லை.

பெரியவன் குரல் செய்தி அனுப்பினான். "சரி சித்தி. அம்மாவுக்கு அங்கதான் நிம்மதின்னா அங்கேயே இருக்கட்டும். மனசு கேட்கலை. ஆனா உங்களை விட அம்மாவைப் பார்த்துக்க ஆளில்லைன்னு தெரியும்." அழுதிருக்கிறான், குரலில் தெரிந்தது. அவன் அழுதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அக்கா, கூட்டிட்டுப் போ என்று சொல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டாள். எனக்கும் ஒரு வெட்டு மிச்சம்.

அந்தக் கடைசி வீடியோவைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் குறித்து வைத்திருக்கிற நேரமெல்லாம் சரிதான்.

பத்து ஐந்துக்கு எடுத்தேன். கையைத் தூக்கு அக்கா என்றேன். அவளுக்கு மிச்சமிருந்தது அந்த இடது கை ஒன்றுதான். பாதி வரைக்கும் வந்து தொப்பென்று விழுந்தது. பக்கத்திலிருந்த டம்ளர் உருண்டு விரிப்பெல்லாம் ஈரம். காலையில்தான் அதை மாற்றியிருந்தேன். "என்னக்கா நீ" என்று சலித்துக்கொண்டேன். அதுவும் பதிவாகியிருக்கும். "தலை வலிக்குது" என்றாள். அவள் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லியே பல மாதம் ஆகியிருந்தது. மாத்திரை கொடுத்தேன். விரிப்பை மாற்றினேன்.

பத்து நாற்பதுக்கு மறுபடி எடுத்தேன். வாய் இடது பக்கமாக இறங்கியிருந்தது. சரியாக இல்லை என்று தெரிந்தது. என்ன சரியாக இல்லை என்று நீங்கள் கேட்டால், அப்போது என் கண்ணில் பட்டது படம்தான். இதை அனுப்பினால் மாப்பிள்ளை பயந்துவிடுவார், எல்லாரும் கூப்பிடுவார்கள், ஆஸ்பத்திரி என்பார்கள், பெரியவன் விமானம் ஏறிவிடுவான். மறுபடி ஒரு நல்லதாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடையில் அப்படித்தான். ஒன்று சரியாக வரவில்லை என்றால் ஆளைக் கொஞ்சம் உட்காரவைத்துவிட்டு மறுபடி எடுப்பார்கள்.

பதினொன்று பத்து. பதினொன்று முப்பத்தைந்து. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். பன்னிரண்டு இருபது. ஆறு தடவை. ஒவ்வொன்றிலும் என் குரல் கேட்கும். "சிரிக்கா. கொஞ்சம் சிரி. ஒரே ஒரு தடவை, அப்புறம் தூங்கலாம்." நான் கத்தவில்லை, கவனித்திருப்பீர்கள். தலையணையை அண்டைக் கொடுத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்தேன். இறங்கின பக்கம் நிழலில் போய்விட்டது. தலை கலைந்திருந்தது, சீவிவிட்டேன். முந்தின நாள் போர்த்தியிருந்த நீலச் சால்வையையே போர்த்தினேன். அப்போதுதான் ஒட்டும்போது வித்தியாசம் தெரியாது. ஆறாவது தடவை ஏழு நொடிக்கு ஒரு சிரிப்பு கிடைத்தது. கை தூக்குவதும் பேசுவதும் முந்தின நாளுடையதில் இருந்தன, பத்தொன்பது நொடி. ஆக இருபத்தாறு. பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் மாப்பிள்ளையின் கட்டைவிரல் வந்தது. கூடவே, "அத்தை இன்னைக்கு ஜோரா இருக்காங்க."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நீங்கள் நம்ப மாட்டீர்கள். டாக்டர் பார்த்துவிட்டார், ஜோராக இருக்கிறாள் என்கிறார், காலையிலிருந்து நான்தான் வீணாகக் கலங்கியிருக்கிறேன் என்று நினைத்தேன். அக்காவிடமும் சொன்னேன். "மாப்பிள்ளையே பார்த்துட்டாருக்கா, ஒண்ணுமில்லையாம்." அவள் கண்ணை மூடியிருந்தாள். நான் அந்த நாற்காலியிலேயே சாய்ந்தேன். அப்படி ஒரு தூக்கம் எட்டு மாதத்தில் எனக்கு வந்ததில்லை.

மூன்றே முக்காலுக்கு விழித்தேன். அவள் மூச்சில் ஒரு கரகரப்பு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நாலு இருபதுக்கு ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர், வேகமானவர். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்கம்மா? யோசிச்சு சொல்லுங்க. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா அடைப்பைக் கரைக்க ஒரு மருந்து இருக்கு, போடலாம். அதுக்கு மேல ஆயிருந்தா போடவே கூடாது. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும்."

"பன்னிரண்டரைக்கு நல்லா இருந்தா" என்றேன்.

"நிச்சயமா?"

கைப்பேசியை எடுத்து அந்த இருபத்தாறு நொடியைக் காட்டினேன். அவர் இரண்டு தடவை பார்த்தார். அதற்குள் மாப்பிள்ளை போனில் வந்துவிட்டார். ஒலிபெருக்கியில் போட்டார்கள். "நானும் டாக்டர்தான். பன்னிரண்டரைக்கு நானே பார்த்தேன். நல்லா சிரிச்சாங்க, கை தூக்கினாங்க, தெளிவா பேசினாங்க. டைம் இருக்கு, மருந்தைப் போடுங்க ப்ளீஸ்" என்றார். ப்ளீஸ் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

சின்ன டாக்டர் மறுபடி என்னைப் பார்த்தார். "அம்மா, அதுக்கு முன்னாடி எந்த அறிகுறியும் இல்லையே? தலைவலி, கை விழறது, ஒண்ணும் இல்லையே?"

பத்து ஐந்தின் படம் என் கையிலேயே இருந்தது. விரலால் ஒரு தடவை தள்ளினால் வந்துவிடும். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவனும் அதே அழைப்பில் இருந்தான், அவன் மூச்சு கேட்டது. இல்லை, பத்து மணிக்கே கை விழுந்துவிட்டது என்று நான் சொன்னால், அப்படியானால் இந்த வீடியோ என்ன என்று கேட்பார்கள். அது என்ன என்று சொன்னால், அதற்கு முந்தினது என்ன, அதற்கும் முந்தினது என்ன என்று எட்டு மாதத்துக்கும் போவார்கள். அந்த நேரத்தில், அந்த வராந்தாவில், அத்தனை பேர் மனதையும் குழப்ப வேண்டுமா என்று தோன்றியது.

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.

நாலே முக்காலுக்கு மருந்து ஏறியது. ஏழு மணிக்கு ரத்தம் கசியத் தொடங்கியது. மறுநாள் மதியம் போய்விட்டாள். ஆஸ்பத்திரி மேல் தவறில்லை, மேடம். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள், இரண்டு தடவை கேட்டார்கள். மாப்பிள்ளை மேலும் தவறில்லை. பாவம், அவர் இப்போது யாரோடும் பேசுவதில்லையாம். நோயாளிகளைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாராம். அவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்து பத்தாவது நாள் அந்தப் பெண் கேட்டாள். "அம்மா வீடியோ எல்லாத்தையும் எனக்குத் தாங்க சித்தி. எனக்கு அதுதான் மிச்சம்." நான் கைப்பேசியை அப்படியே கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். அசதி, மேடம். பொறுக்கியெடுத்து அனுப்பத் தெம்பில்லை. அவள் அடுத்த அறையில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள். முதலில் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் குரல் மட்டும் கேட்டது. கூட்டிட்டுப் போ. கூட்டிட்டுப் போ. ஒன்று முடிந்ததும் அடுத்தது. நான் இரண்டு தட்டில் சோறு போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வெளியே வந்து, "நீங்க சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள். சித்தி என்று சொல்லவில்லை.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். வேறெதற்கோ செய்தேன் என்று நினைக்கிறீர்கள். வீடு, நகை என்றெல்லாம் கேட்டீர்கள். எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று பார்த்தேன். பிள்ளைகள் நிம்மதியாக வேலைக்குப் போனார்கள். அக்காவுக்கும், போக முடியாத இடத்துக்கு ஆசைப்படாமல் இருக்கப் பழகிவிட்டது. அவள் போயிருந்தால் அந்தக் கீழ் அறையில் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள் என்று பெரியவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. அவளுடைய சாவு என் கையால்தான் நடந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து போடுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது.

ஆறாவது தடவை எடுத்ததில், சிரிப்பதற்கு முன்னால், அக்கா ஏதோ சொல்கிறாள். நாக்கு சுருண்டுவிட்டது, உங்கள் ஆட்களுக்கும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் பெரியவன் என்னிடம் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "அம்மா கடைசியா என்ன சொன்னாங்க? நூறு தடவை போட்டுப் பார்த்துட்டேன். உங்களுக்கு மட்டும்தான் அம்மா பேச்சு புரியும்."

"நீ நல்லா இருக்கணும்னு சொன்னா" என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். இவ்வளவுக்குப் பிறகும் தொட்டான்.

அவள் அதைச் சொல்லவில்லை. "நான் சொன்னது ஒண்ணும் அனுப்பலை இல்ல, நீ?" என்று கேட்டாள். கோபமில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் "சிரிக்கா" என்றேன். என்னையே பார்த்தாள். பிறகு, நான் கேட்டபடி சிரித்தாள். பிள்ளைகளுக்கு அனுப்பியது அந்தச் சிரிப்பைத்தான்.

இந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள், மேடம். எனக்காகக் கேட்கவில்லை. பிள்ளை தாங்க மாட்டான்.